படுதாவை மட்டும் விட்டுட்டுப் போங்கண்ணே

போன வாரம் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸ் திறப்பு விழா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவனை எதற்குக் கூப்பிட்டார்கள்? வாராவாரம் பத்தி எழுதுகிறவன் படித்தவனாகத்தான் இருப்பான் என்று நினைத்துவிட்டார்கள் போல... நானும் திருத்தவில்லை. டிபன் நன்றாக இருக்கும் என்று சொன்னார்கள்.

சுவர் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை. விரலால் தொட்டால் இதயம் துடிக்கிறது, ரத்தம் ஓடுகிறது. எல்லாம் காட்டி முடித்த கம்பெனி இளைஞர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "எனி டவுட்ஸ்?" என்றார்.

ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்களா சார்... என்னா டிசிப்ளின்!" என்று தாளாளர் என் காதோரம் பெருமைப்பட்டார்.

நான் ஜன்னல்களைப் பார்த்தேன். எல்லாம் திறந்து கிடந்தன. விமலாவின் ஞாபகம் வந்தது.

சுனாமி வந்து இரண்டு வருடம் கழிந்திருந்த சமயம். சிதம்பரத்தில் பாஸ்கர் என்பவரின் சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். வீடு என்று தனியாகக் கிடையாது. கடையிலேயே ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே படுக்கை. கொசு ஜாஸ்தி, மற்றபடி குறையில்லை.

கடைக்குப் புதிதாக ஒரு ப்ரொஜெக்டர் வாங்கியிருந்தார் பாஸ்கர். ரிசப்ஷனில் மாப்பிள்ளை பெண் முகத்தைத் திரையில் பெரிதாகக் காட்டுவதற்கு. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதற்கு வேலையில்லை. எனக்கும்தான்.

அப்படி ஒரு நாளில்தான் விமலா வந்தாள். சிதம்பரத்தில் பி.எட். படிக்கிற பெண். ஆசிரியர் ஆகிறவர்கள் சில வாரங்கள் ஏதாவது ஒரு பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழக வேண்டுமாம். கல்லூரியிலிருந்து ஒரு மேடம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவாராம். விமலாவுக்குக் கிடைத்தது கடலூரில், கடலோரமாக ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகளில் பாதிப் பேர் சுனாமி புகுந்த தேவனாம்பட்டினம் மீனவர் குப்பம்.

"போன தடவ மேடம் வந்தப்ப பசங்க வாயே தெறக்கலண்ணே. 'நீ செவுத்துக்குப் பாடம் நடத்துறியா?'ன்னு கேட்டுட்டாங்க. இன்னொரு தடவ வர்றாங்க. அன்னிக்கும் பேசலன்னா ஃபெயில்தான்."

"மெஷின் வெச்சா மட்டும் பேசிடுவாங்களா?"

"டெக்னாலஜி யூஸ் பண்ணா ஆர்வம் வரும்னு புக்குல போட்டிருக்கு."

பாஸ்கர் என்னைப் பார்த்தார். "போ மச்சான், சும்மா படுத்துனுதானே கெடக்குற. டீச்சருக்குப் படம் போட்டுட்டு வா."

பாடம் நிலநடுக்கம். வரிசையில் அடுத்த பாடம் அதுதான், மாற்ற முடியாது. படங்களையும் குறிப்புகளையும் கல்லூரிப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் தயார் செய்தாள். நானும் கூடப் போயிருந்தேன். அங்கிருந்தவர் ரொம்ப உற்சாகமான ஆள். ஒவ்வொரு எழுத்தும் டைப்ரைட்டர் சத்தத்தோடு வந்து விழுகிற மாதிரி செய்துவிட்டு, "அலை வர்ற வீடியோ ஒண்ணு இருக்குது மேடம், சூப்பரா இருக்கும். போடட்டா?" என்றார்.

"வேணாம்."

அவள் சொன்ன விதத்தில் அவர் மறுபடி கேட்கவில்லை.

குறித்த நாளில் பஸ் பிடித்தோம். ப்ரொஜெக்டரும் கடை லேப்டாப்பும் என் மடியில். பக்கத்து சீட்டில் விமலா, புதுச்சத்திரம் தாண்டியும் உதட்டுக்குள்ளேயே பாடத்தை ஒப்பித்துக்கொண்டு வந்தாள்.

ஒன்பதாம் வகுப்புக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். வகுப்பு முழுக்க வெயில். கடலைப் பார்த்து நாலு ஜன்னல், ஒன்றுக்கும் கதவு இல்லை. அந்த வெளிச்சத்தில் படம் எப்படித் தெரியும்? கல்யாண மேடைக்குப் பின்னால் கட்டுகிற கருப்புப் படுதாக்களை நான் எடுத்து வந்திருந்தேன். ஜன்னலுக்கு ஒன்றாகக் கட்டினேன்.

விமலா மேடத்தை அழைத்து வரப் போயிருந்தாள். முன் பெஞ்சுப் பையன் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணே, இது வீடியோ எடுக்கறதா?"

"இல்லடா. படம் காட்டறது."

"அப்ப நாங்க அழுவ வேணாமா?"

கேலி செய்கிறானா, நிஜமாகவே கேட்கிறானா? எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் மட்டும், "தே, சும்மா இர்றா" என்றான்.

அப்புறம்தான் எனக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளைகளைப் பார்க்க யார் யாரோ வந்திருக்கிறார்கள். கேமராவோடு வந்தார்கள், பிஸ்கட்டோடு வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கேள்வி கேட்டார்கள். எப்படி இருந்தது, யார் போனார்கள், கனவு வருகிறதா... இப்போது புதிதாக ஒரு டீச்சர் வந்து "சொல்லுங்க, சொல்லுங்க" என்றால்? வாயை மூடிக்கொண்டால் ஆள் தானாகப் போய்விடுவார் என்று அனுபவத்தில் கற்றுக்கொண்ட பிள்ளைகள்.

மேடம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் லைட்டை அணைத்தேன். விமலா பட்டனை அழுத்தினாள்.

டக்... டக்... டக்...

திரையில் ஒரு டாலர் குறி வந்து விழுந்தது. அடுத்து அடைப்புக்குறி, ஆங்கில எழுத்து, இரண்டு ஆச்சரியக்குறி. பிரவுசிங் சென்டரில் இருந்த தமிழ் ஃபான்ட் எங்கள் லேப்டாப்பில் இல்லை. அது இருக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அடுத்த பக்கமும் அப்படியே. டக் டக் டக்கென்று டைப்ரைட்டர் மட்டும் மும்முரமாக அடித்துக்கொண்டே இருந்தது.

இருட்டில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"டீச்சர், இது என்னா பாஷ?"

"ஒனக்குத் தெரியல? நெலத்துக்கு அடியில இப்படித்தான் பேசிப்பாங்க" என்றது இன்னொரு குரல்.

வகுப்பே சிரித்தது. விமலா என்ன செய்வாள் என்று பயந்தேன். அவளும் சிரித்துவிட்டாள். "சரி, எழுத்து வேணாம். படத்த மட்டும் பாக்கலாம்" என்று பூமியைக் குறுக்காக வெட்டிய படத்துக்குப் போனாள். அடியில் பெரிய பாறைத் தட்டுகள், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு. இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து நகர்த்திக் காட்டினாள். திரையில் அவள் கைகளின் நிழல் விழுந்தது.

அப்போது நடுவிலிருந்து ஒரு பெண் குரல். மெதுவாக.

"டீச்சர்... அது திரும்பி வருமா?"

எது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டது யார் என்று விமலாவும் தேடவில்லை. நகர்த்திக்கொண்டிருந்த கைகளை இறக்கினாள். அப்புறம், "தெரியலம்மா. வரலாம், வராமலும் போவலாம். இன்ன நாளுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நெலம் பலமா ஆடினாலோ, கடலு திடீர்னு உள்வாங்கினாலோ என்னா பண்ணணும்னு எனக்குத் தெரியும். அத சொல்றேன்" என்றாள்.

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது.

"எவ்ளோ தூரம் ஓடணும்?"

"மஞ்சக்குப்பம் கிரவுண்டு போதுமா?"

"ஆயாவால ஓட முடியாது டீச்சர், என்னா பண்றது?"

"மாடி மேல ஏறிக்கலாமா?"

மணி அடித்தது. லைட்டைப் போட்டேன். அத்தனை வாயும் ஒரே நொடியில் மூடிக்கொண்டது. முன்பு போலவே முகங்கள், முன்பு போலவே கைகட்டு.

வராந்தாவில் மேடம் கேட்டார். "அவுங்க பேசினது ஒன்னாலயா, இந்த மெஷினாலயா?"

விமலா திரும்பி வகுப்பின் ஜன்னல்களைப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் திரும்ப வரேன். மெஷின் இல்லாம நடத்து, பாப்போம்."

நான் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். முதல் ஜன்னலில் கை வைத்தபோது விமலா பக்கத்தில் வந்தாள்.

"மெஷின எடுத்துனு போங்க. படுதாவ மட்டும் விட்டுட்டுப் போங்கண்ணே."

கடைக்குத் திரும்பினேன். "என்னா மச்சான், எல்லாரும் மெஷினத்தான் கேப்பாங்க. இந்தப் பொண்ணு படுதாவ வாங்கிக்கினா?" என்று பாஸ்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் படுதாக்களை ஒழுங்காக மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். முதல் நாள் நாலு ஜன்னலையும் மூடி இருட்டிலேயே பாடம் நடத்தினாளாம். மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாள் காலையும் ஒரு ஜன்னலின் படுதாவை அவிழ்த்துவிடுவாளாம். பேச்சு சூட்டில் பிள்ளைகள் அதைக் கவனிக்கவே இல்லை. மேடம் வந்த அன்றைக்கு நாலு ஜன்னலும் திறந்திருந்தன. வகுப்பு முழுக்க வெயில்.

"பேசினாங்களா?" என்றேன்.

"எங்கண்ணே நிறுத்தினாங்க? அந்த முன் பெஞ்சு பையன் எழுந்து மேடத்தையே கேள்வி கேக்கறான். பாஸ் போட்டுட்டாங்க. ஆனா கெளம்பறப்ப சொல்லிட்டுப் போறாங்க, 'கிளாஸ் கன்ட்ரோல் பத்தல'ன்னு!"

கேள்வி இல்லாத பிள்ளை உண்டா என்ன? கேட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே... அதற்குத்தான் பயம். அந்தப் பயம் போக ஒரு வாரம் ஆகும் என்று விமலா கணக்குப் போட்டிருக்கிறாள். எந்தப் பாடப்புத்தகத்தில் இருந்ததோ!

அதனால்தான் போன வாரம் தாளாளர் மைக்கை நீட்டி நாலு வார்த்தை பேசச் சொன்னபோது, "பலகையை அணைத்துவிட்டு, ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு, அந்த டவுட்டை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்" என்றேன். நான் ஜோக் அடிக்கிறேன் என்று எல்லாரும் கை தட்டினார்கள்.

டிபன் நன்றாகத்தான் இருந்தது.