கற்பூரவல்லிக்கு நல்ல தண்ணீர்

மீஞ்சூர் வீட்டு மாடியில் மருமகள் வளர்க்கும் தைம் என்ற வெளிநாட்டு மூலிகைச் செடியின் இலையை இன்று கசக்கி முகர்ந்தேன். பழவேற்காட்டில் எங்கள் குப்பத்து வீட்டில் இருந்த கற்பூரவல்லியின் வாசம் வந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த தை மாதம். பனியில் தங்கைக்கு இழுப்பு. கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிப் பிழிந்து கொடுத்தால்தான் தூங்குவாள். அந்தச் செடியோ இலைகளை உதிர்க்கத் தொடங்கியது. அம்மா காட்டூரில் பயிர் செய்யும் வீட்டில் பிறந்தவர். அந்த ஊர் வழக்கப்படி, மீன் கழுவிய தண்ணீரைத் தினமும் செடிக்கு ஊற்றியிருந்தார்.

"இன்னாமே, நாம மீன் கழுவுறது கடல் கலக்குற ஏரித் தண்ணில. உப்புல செடி எப்டி நிக்கும்?" என்றார் அப்பா. அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"எங்க ஊர்ல இதான் உரம்."

"உங்க ஊரு மீனு கெணத்துல குளிக்குது."

அம்மா சிரிக்கவில்லை. சில இலைகளே மிச்சம் இருந்தன. குடிதண்ணீரோ எங்களுக்கே போதாது.

நைனா தொட்டி மண்ணை மாற்றினார். மறுநாளிலிருந்து, படகில் குடிக்க எடுத்துப்போகும் தண்ணீரில் பாதியைத் திரும்பக் கொண்டுவந்து செடிக்கு ஊற்றினார். மாசியில் துளிர் விட்டது. தங்கை மறுபடி தூங்கினாள்.

"நாள் பூரா வெயில்ல நின்னுட்டு இவ்ளோதான் குடிச்சியா?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"தாகமே எடுக்கல" என்றார் நைனா. அவர் உதடுகள் வெடித்திருந்தன.