ஒரு பொரி சுற்றிவரும் நேரம்

என் தங்கை துலி யாருடைய மீன்தொட்டியிலும் எடுத்தவுடன் கை வைக்க மாட்டாள். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, தொட்டிக்கு எதிரே பத்து நிமிடம் உட்காருவாள். பிறகு பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, ஒரே ஒரு பொரியைத் தண்ணீர் வந்து விழும் இடத்தில் போடுவாள். அது ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்ப்பாள். எண்ணைக் குறித்துக்கொண்டு பொரியை எடுத்துவிடுவாள்.

வட கல்கத்தாவில் பதினேழு வீட்டுத் தொட்டிகளும் ஒரு பல் மருத்துவரின் தொட்டியும் அவள் பொறுப்பில் இருக்கின்றன. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. நான் ஆறு வயது மூத்தவள், எட்டாவது வரை படித்தேன், ரவிக்கை தைக்கிறேன். அவள் பத்தொன்பது வயதில் மீனும் பறவையும் விற்கும் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நீர்ச்செடி கட்டும் வேலைக்குப் போனாள். கடையில் மற்றவர்கள் வாடிக்கையாளர்களைப் பார்த்தபோது, இவள் எந்த மீன் எந்த மூலையில் ஒதுங்குகிறது என்று பார்த்தாள். அப்போது எழுதிய நோட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

சென்ற வருடம் பாக்பஜாரில் கோஷால் காக்கு வீட்டுக்கு அவளுடன் நானும் போனேன். காக்கு என்றால் சித்தப்பா; அவர் மனைவி காக்கிமாவுக்கு ரவிக்கை அளவு எடுக்க வேண்டியிருந்தது. காக்கு தபால் பிரிக்கும் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தொட்டியில் இருந்த ஏஞ்சல் மீன் ஜோடி ஐந்து முறை முட்டையிட்டும் ஒரு குஞ்சுகூடத் தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் முன்னதைவிடப் பெரிய பம்பாக வாங்கி மாட்டினார். “என்ன கோஷால், பேரப்பிள்ளைங்க வந்தாச்சா?” என்று டீக்கடையில் கேட்டுக் கேட்டு அவருக்கு வெறுத்துவிட்டது. ஆறாவது முறையும் போனால் ஜோடியைச் சந்தையில் கொடுத்துவிடுவதாக எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நாங்கள் போன அன்று அகன்ற இலை ஒன்றில் ஆறாவது முட்டைகள் ஒட்டியிருந்தன.

இலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தாய் மீன் அதன் பக்கத்தில் நிற்க முயன்று முயன்று பின்னால் தள்ளப்பட்டது.

“என்ன காக்கு, தொட்டியா இது, ஹூக்ளி ஆத்துல கப்பல் போற தடமா?” என்றாள் துலி.

“சிரிக்காதம்மா. இலிஷ் மீன் பத்மா ஆத்தை எதிர்த்து எவ்வளவு தூரம் நீந்தி வருது? அதான் அந்த ருசி. ஓடுற தண்ணியில இருந்தாத்தான் குஞ்சுக்குத் தெம்பு வரும்.”

“நீங்க இதுங்களைக் கடுகு அரைச்சுப் போட்டுச் சாப்பிடப் போறீங்களா?”

உள்ளேயிருந்து காக்கிமா, “கேளு, நல்லாக் கேளு!” என்றார்.

பொரி ஒன்பது விநாடியில் சுற்றி வந்துவிட்டது.

“இந்த ரூமை ஒன்பது விநாடியில ஒரு சுத்து ஓடிக் காட்டுங்க காக்கு.”

“எனக்கு முட்டி வலி.”

“கட்டில்ல இருந்து பாத்ரூம் போகவே அவருக்கு ஒன்பது நிமிஷம்” என்றார் காக்கிமா.

இந்த மீன் விரித்த விசிறி மாதிரித் தட்டையானது, நாணலுக்கு நடுவே அசையாத தண்ணீரில் வாழ்வது, கொஞ்சம் வேகமாகத் தள்ளினாலும் நிற்க முடியாது என்று துலி சொன்னாள். காக்கு ஒத்துக்கொள்ளவில்லை. “பம்பு மேல பழி போடாத. பெத்ததுங்களே குஞ்சைத் தின்னுதுங்க. வாயில போட்டுக்கிட்டதை என் கண்ணால பார்த்தேன்” என்றார். பம்பை மாற்றவும் விடவில்லை. நின்ற தண்ணீர் சாக்கடை என்பது அவர் கட்சி.

பம்பு இருக்கட்டும், தண்ணீர் வரும் வாயை மாற்றலாம் என்று துலி முடிவு செய்தாள். அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரு பி.வி.சி. குழாயின் முனையை அடைத்தாள். நான் டேப் பிடித்து, தையல் சுண்ணாம்பால் அரை அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன். கோணி ஊசியைக் காய்ச்சி அவள் இருபத்திரண்டு துளை போட்டாள். அவற்றில் இரண்டு கோணல். அளவு என்னுடையது, கோணல் அவளுடையது.

மறுநாள் காலை குழாயை மாட்டி, துளைகளைப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் திருப்பினாள். குஞ்சு உள்ளே இழுபடாமல் இருக்க, பம்பு தண்ணீரை உறிஞ்சும் வாய்க்கு ஸ்பாஞ்ச் கட்டினாள். பொரி சுற்றிவர இப்போது நாற்பத்தெட்டு விநாடி. மேல் தண்ணீர் மட்டும் லேசாக நடுங்கியது. மீனுக்கு மூச்சு விட அது போதும் என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் காக்கிமா போன் செய்தார். முட்டை பொரித்திருந்தது. ஆனால் தண்ணீர் செத்துவிட்டது என்று காக்கு குழாயைக் கழற்றிவிட்டாராம். நாங்கள் டிராம் பிடித்துப் போனோம். இலையில் பாதிக் குஞ்சுகள் இல்லை. உதிர்ந்தவை முடி நுனி போல் அடியில் சிதறிக் கிடந்தன. துலி குழாயைத் திரும்ப மாட்டினாள். பிறகு காக்குவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

தண்ணீர் அடங்கியதும் ஆண் மீன் கீழே இறங்கி ஒரு குஞ்சை வாயில் கவ்வியது.

“பாரு, பாரு, தின்னுது!”

“கொஞ்சம் பொறுங்க காக்கு.”

மீன் மேலே வந்து, குஞ்சை இலையில் துப்பி ஒட்டிவிட்டு, மறுபடி கீழே போனது. பெண்ணும் அப்படியே செய்தது. காக்கு நாற்காலியைத் தொட்டிக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்போ அந்த அஞ்சு தடவையும்...?”

“அஞ்சு தடவையும் அதுங்க பொறுக்கிப் பொறுக்கி வெச்சிருக்குங்க. நீங்க ஊதி விட்டிருக்கீங்க.”

“இந்த மனுஷன் வாயைத் திறந்தாலே காத்துதான்” என்றார் காக்கிமா.

ஐந்தாவது வாரம் ரவிக்கையைக் கொடுக்கப் போனபோது குஞ்சுகளை மூன்று முறை எண்ணினேன். நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று, நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று என்றே வைத்துக்கொள்ளலாம். ஜோடி சந்தைக்குப் போகவில்லை. டீக்கடையில் இருந்து நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொரி டப்பாவும் ஒரு கடிகாரமும் இருந்தன.

போன வாரம் காக்கு துலிக்குப் போன் செய்தார்.

“துலி, வலது மூலையில பொரி அஞ்சு நிமிஷமா அப்படியே நிக்குது. பம்பு கெட்டுப்போச்சா?”

“இல்ல காக்கு. அங்கதான் அதுங்க தூங்கும். அப்படியே விடுங்க.”

“அப்போ பொரியை?”

“எடுத்துடுங்க. ஊறிப் போயிடும்.”