தாடையார் செய்த சூரியன்

அவருடைய சொந்தப் பெயர் அரசாங்கத்துக்கு மட்டும் தெரியும். தெருவுக்கு அவர் தாடையார். பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் சிறிய ஸ்டூடியோவில் முப்பது வருஷமாக நின்றபடி, எதிரே உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் "தாடையக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லிவந்ததற்குக் கிடைத்த பட்டம் அது. வேலை தேடுபவர், வெளிநாடு போகிறவர், வண்டி ஓட்ட உரிமம் கேட்பவர், பரீட்சை எழுதப்போகும் பெண், பென்ஷன் வாங்கப்போகும் பெரியவர் என்று எல்லோரும் அவர் முன்னால் தாடையைத் தூக்கியவர்களே. குனிந்து பிழைக்கும் ஜனங்களை ஒரு நொடியாவது நிமிரவைத்தவருக்கு இதுவரை யாரும் சிலை வைக்கவில்லை. வைத்தால் தாடை தூக்கலாக இருக்கவேண்டும்.

அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டில் ஒரு சூரியனைச் செய்தார்.

காரணம் ஒரு எலுமிச்சை. ஒருநாள் சாறு பிழிந்தபோது விரலில் ஒட்டிக்கொண்ட விதையை அவர் மனைவி விளையாட்டாக ஒரு பெயின்ட் டப்பாவில் ஊன்றினார். அது முளைத்தது. டப்பா மாறித் தொட்டியானது, செடி இடுப்பு உயரம் வந்தது, முள் வைத்தது. பூ மட்டும் வைக்கவில்லை. ஜன்னலோரம் அதை வைத்துக்கொண்டு அந்தம்மா காத்திருந்தார்.

இந்த இடத்தில்தான் மைத்துனர் வருகிறார். அந்தம்மாவின் தம்பி. பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எப்போது வரும் என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் சொல்வார். வண்டி அதன் இஷ்டத்துக்கு வரும். வீட்டுக்குள் முதலில் மீசை வந்து உட்காரும், பிறகு அவர் வந்து சேருவார். அப்படியொரு மீசை.

"விதையில வந்தது பூக்காதுக்கா. கடையில ஒட்டுச்செடி வாங்கியிருக்கணும். இது சும்மா எல போட்டுக்கிட்டே இருக்கும், நம்ம மாமா மாதிரி."

"பூத்துச்சுன்னா?"

"பூத்துச்சுன்னா இந்த மீசைய எடுத்துடறேன்."

"டேய், மாமா சாட்சி."

தாடையார் சாட்சியானார். வேறு வழியில்லை, குறுக்கே பேசினால் இரண்டு பக்கமும் திட்டு விழும்.

அதன்பிறகு இரண்டு சம்பவங்கள் நடந்தன. பக்கத்து மனையில் ஏழு மாடிக் கட்டிடம் ஒன்று எழுந்தது. கையை நீட்டினால் அதன் சுவரைத் தொடலாம்; அந்த வீட்டு ஜன்னலுக்கு அன்றோடு வானத்தோடு இருந்த தொடர்பு அறுந்தது. இரண்டாவது, அந்தம்மாவுக்கு இடுப்பு வலி என்று ஆரம்பித்தது வலி அல்ல, எலும்புக்குள் இறங்கிவிட்ட நோய் என்று தெரிந்தது. டாக்டர் விஷயத்தைத் தாடையாரைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார். காலண்டர் ஒன்றும் பதில் பேசவில்லை.

படுக்கை ஜன்னல் பக்கம் வந்தது. செடியும் மனுஷியும் ஒரே இருட்டில் இருந்தார்கள். செடி இலை உதிர்த்தது.

"ஏங்க, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார் அந்தம்மா. "அது பூக்கணும். அவன் மீசைய எடுக்கறத நான் பாக்கணும். பாத்துட்டுப் போயிடறேன்."

இப்படித்தான் ஒரு பாஸ்போர்ட் படக்காரர் சூரியன் செய்யும் தொழிலில் இறங்கினார். செடி வளர்க்கும் விளக்கு ரெடிமேடாகவே கிடைக்கிறதே, வாங்கலாமே என்று சாதாரண மனிதர்கள் கேட்பார்கள். மைத்துனர் சாதாரண மனிதரல்ல. அவர் கைப்பேசியில் அதுபற்றி இரவும் பகலும் வீடியோ பார்த்து, நேரம் காக்கும் வேலையை நேரத்திடமே ஒப்படைத்திருந்தார்.

"மாமா, கடையில விக்கறது ஏமாத்து வேல. நாமளே செய்யலாம். எல ஏன் பச்சையா இருக்கு, சொல்லுங்க?"

"எலன்னா பச்சையாத்தான் இருக்கும் மாப்ள."

"அதான் இல்ல. பச்ச வெளிச்சம் அதுக்கு வேணாம். திருப்பி அனுப்புது. அதான் நம்ம கண்ணுக்குப் பச்சையாத் தெரியுது. வேணாங்கறத நாம எதுக்குக் குடுக்கணும்? சிவப்பு நாலு, நீலம் ஒண்ணு. அதுக்குமேல ஒரு பொட்டு வெளிச்சம் போட்டாலும் வேஸ்ட்டு."

வாதத்தில் ஓட்டை இல்லை. பல பெரிய முட்டாள்தனங்களில் ஓட்டையே இருப்பதில்லை.

எல்.இ.டி. சாமான் விற்கும் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரம்மா சிரிக்காத பிறவி. அவருடைய உரிமத்துக்குப் படம் எடுத்தது தாடையார்தான். தாடையைத் தூக்கச் சொன்னதில் படத்தில் சண்டைக்கு நிற்பவர் போலப் பதிவாகி, அடுத்த உரிமம் வரை அப்படியே நின்றார். அந்தக் கணக்கு இன்னும் மனதில் இருந்தது போலும்.

"எல்.இ.டி. வேணும்."

"எதுக்கு? ஆளுக்கா, செடிக்கா?"

"செடிக்கு" என்றார் தாடையார், கொஞ்சமும் யோசிக்காமல்.

கடைக்காரம்மா சிவப்பு, நீலச் சிப்புகளை எண்ணிக் கொடுத்தார். மிளகு அளவுக்கு ஒவ்வொன்றும், அடியில் நட்சத்திரம் போல வெட்டிய சின்னத் தகடு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு டிரைவர் பெட்டி. தகட்டுக்கு அடியில் தடவ வெள்ளைப் பசை.

"சூடு ஏறும் சார். அலுமினியத்துல ஒட்டுங்க. பட்டையா, கனமா இருக்கணும்."

கனமான அலுமினியம் எங்கே? வீடு முழுக்கத் தேடினார்கள். சமையலறையில் இருந்தது, அதைத் தொட்டால் அந்தம்மா படுக்கையிலிருந்து எழுந்துவந்துவிடுவார் என்று பயம். (அப்படி எழுந்து வருவாரென்றால் எல்லாப் பாத்திரத்தையும் அறுத்திருப்பேன் என்று தாடையார் பிற்பாடு சொன்னார்.) கடைசியில் மைத்துனரின் பார்வை ஜன்னல்மேல் விழுந்தது. சுவரைத் தவிர எதையும் காட்டாத ஜன்னல். அதன் சட்டம் நல்ல கனத்த அலுமினியம்.

ஜன்னலைக் கழற்றினார்கள். ஓட்டையைப் பலகை வைத்து அடைத்தார்கள். சட்டத்தை அறுத்து, பசை தடவி, சிப்புகளை வரிசையாகப் பதித்து, பழைய கம்ப்யூட்டரின் காற்றாடியை முதுகில் கட்டி, ஸ்டூடியோவில் குடை விளக்கு மாட்டும் ஸ்டாண்டில் தொங்கவிட்டார்கள். மைத்துனர் சுவிட்சைப் போட்டார்.

அறை நாவல்பழச் சாற்றில் முங்கியது.

பலகை இடுக்கு வழியாக ஊதா ஒளி வெளியே கசிந்து எதிர்ச்சுவரில் படர்ந்தது. ஏழு மாடிக் காவலாளி மறுநாளே விசாரித்தார்: "என்ன சார், உள்ள டான்ஸ் ஏதும் ஆரம்பிச்சிருக்கீங்களா?" மேல்வீட்டுக்காரர் மாடிப்படியில் குரல் தாழ்த்தி வாழ்த்தே சொன்னார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

செடி? செடி கருப்பாகத் தெரிந்தது. பச்சை வெளிச்சமே இல்லாத இடத்தில் பச்சை இலை கருப்பாகத்தான் தெரியும், அதுதான் ஆரோக்கியம் என்று மைத்துனர் விளக்கினார். நம்பினார்கள். தினமும் தண்ணீர் ஊற்றினார்கள். கருப்புச் செடி கருப்பாகவே நின்றது. அதற்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, சொல்லவும் அதற்கு வாயில்லை.

வாயிருந்தவர் ஒருநாள் சொன்னார். அந்தம்மா தலை சீவக் கண்ணாடி கேட்டிருந்தார். வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏங்க, நான் எப்ப செத்தேன்? யாருமே சொல்லல?"

தாடையார் எட்டிப் பார்த்தார். கண்ணாடியில் ஈயம் பூசியது போல ஒரு முகம். உதடு கருப்பு. கண்ணுக்குக் கீழே இரண்டு பள்ளம். அந்த முகத்தில் பாதி நோய் செய்தது. மீதியைச் செய்தது ஜன்னலை அறுத்துத் தாடையார் தன் கையால் செய்த சூரியன்.

முப்பது வருஷமாக அவருடைய பிழைப்பே முகத்தில் விழும் வெளிச்சம்தான். முகத்தைச் சோகையாகக் காட்டுகிற டியூப்லைட்டைக் கழற்றி வீசியவர். கல்யாண மண்டபத்துக்குப் போனால்கூடச் சாப்பிட உட்காருவதற்கு முன் விளக்கைப் பார்ப்பவர். உலகத்திலேயே அவர் மட்டும் செய்யக்கூடாத தவறு இது. சொந்த வீட்டில், சொந்த மனைவியின் படுக்கைக்கு மேலே, எலுமிச்சையை மட்டும் கேட்டு விளக்குப் போட்டிருந்தார்.

மறுநாள் சந்துக்கடை.

"ஆளுக்கா, செடிக்கா?"

"ஆளுக்கு" என்றார். "செடியும் பக்கத்துல இருக்கும்."

கடைக்காரம்மா உள்ளே போய் வெள்ளைச் சிப்புகளில் இரண்டு மூன்று வகை கொண்டுவந்து ஒவ்வொன்றாக எரியவிட்டார். தாடையார் ஒவ்வொன்றின் கீழும் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஒன்று கையை நீலமாக்கியது. ஒன்று மஞ்சள் காமாலையைக் கொடுத்தது. மூன்றாவதில் கை கையாக இருந்தது, ரேகைக்குள் சிவப்பு ஓடியது.

"இது."

"இதுல செடி கொஞ்சம் மெதுவாத்தான் வளரும்."

"இதுவே குடுங்கம்மா."

பழைய சட்டத்தில் சிவப்பு, நீலச் சிப்புகளைப் பெயர்த்துவிட்டு வெள்ளையைப் பதித்தார். இந்தமுறை மைத்துனரைக் கூப்பிடவில்லை. சுவிட்ச் போட்டதும் காலை நேரத்து வெயில் போல ஒரு வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. அந்தம்மா முகத்துக்கு ரத்தம் திரும்பியது. உண்மையில் திரும்பவில்லை, திரும்பியது போலப் படம் எடுக்கலாம்.

அந்தம்மா தன்னைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்தார்.

"அந்த எலையத் திருப்புங்க."

திருப்பினார். அடியில் பொடிப்பொடியாகப் பூச்சி. மெல்லிய நூலாம்படை. இலை முழுக்க மஞ்சள் புள்ளி. ஊதா வெளிச்சம் அத்தனையையும் கருப்புக்குள் மறைத்துவைத்திருந்தது. வாரக்கணக்கில் செடியைப் பூச்சி தின்றது. அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தம்மா படுத்தபடி விரல் காட்ட, தாடையார் சோப்புத் தண்ணீரில் ஒவ்வொரு இலையாகக் கழுவினார். மறுபடி துளிர் வந்தது, வெளிர்ப் பச்சையில், தொட்டால் ஒடிகிற மாதிரி. அதைப் பார்த்து அந்தம்மா ஒரு கரண்டி கஞ்சி கூடுதலாகக் குடித்தார். ஆனால் போன வாரங்கள் போனவைதான். செடி முதலிலிருந்து ஆரம்பித்தது; அந்தம்மாவுக்கு அந்த வசதி இல்லை.

ஒருநாள் காலை கதவைத் திறந்தால் யாரோ ஒரு ஆள் நின்றிருந்தார். தாடையாருக்கு அடையாளம் தெரியவில்லை. மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் வெளிறிய ஒரு மைதானம். மைத்துனர்.

நேராகக் கட்டிலருகே போனார். "பூத்துடுச்சுக்கா."

அந்தம்மாவுக்குத் தலையைத் திருப்பவே சிரமம். "எங்கடா?"

"அந்தப் பக்கம். சுவரோரமா. உனக்கு அங்கேருந்து தெரியாது."

தாடையார் செடியைப் பார்த்தார். சுவரோரமாகவும் இலைதான். சாட்சியாக இருப்பதில் அவருக்கு அனுபவம் உண்டு.

அந்தம்மா தம்பியின் மேலுதட்டையே பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு கண்ணை மூடி மூச்சை இழுத்தார். அறையில் மருந்து நாற்றமும் சூடான அலுமினிய வாடையும்தான் இருந்தன.

"ஆமாண்டா" என்றார். "வாசம் வருது."

மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐய, அழாதடா. அழுதா இன்னும் அசிங்கமா இருக்க. உரிச்ச கோழி." கண்ணைத் திறந்தார். "ஏங்க, அந்த கேமராவ எடுத்தாங்க. இவன் மறுபடி வளத்துட்டு இல்லவே இல்லம்பான். ஒரு படம் எடுத்துடுங்க, நானும் நிக்கறேன்."

நிற்க முடியாது, தலையணையைச் சாய்த்து உயர்த்தினார்கள். தாடையார் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார். விளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். நிழல் சரியாக விழுந்தது. வழக்கமான வாக்கியம் உதடு வரை வந்தது. அவர் சொல்லாமலே அந்தம்மா தாடையைத் தூக்கினார்.

அந்த வாரமே போய்விட்டார்.

செடி இன்றுவரை பூக்கவில்லை. மைத்துனர் தினமும் மழித்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். தாடையார் ஒருநாள் கேட்டுவிட்டார்: "அதான் பூக்கலையே மாப்ள, நீ எதுக்கு எடுத்துக்கிட்டே இருக்க?"

"அக்காகிட்ட பூத்துச்சுன்னு சொல்லிட்டேனே மாமா."

சில மாதம் கழித்து டிரைவர் பெட்டி புகைந்து, வெள்ளைச் சிப்புகளில் பாதியையும் கூட்டிக்கொண்டு போனது. தாடையார் சந்துக்கடைக்குப் போனார். கடைக்காரம்மா வழக்கம்போல நிமிர்ந்தார்.

"ஆளுக்கா, செடிக்கா?"

அவர் கை பழக்கமாக வெள்ளைச் சிப்புப் பக்கம் போய், பாதியில் நின்றது.

"செடிக்குத்தான்" என்றார்.

அன்றிலிருந்து பலகை இடுக்கில் மறுபடி ஊதா கசிகிறது. காவலாளி இப்போது எதுவும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மைத்துனர் வருகிறார். ஒரு சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் இரண்டு பேர் முகமும் பார்க்க நன்றாக இல்லை. தாடையைத் தூக்கும்படி யாரும் யாரிடமும் சொல்வதில்லை.