போஸ்ட்மேன் வாங்கி வைத்த கடிதங்கள்

அந்த வீட்டை வாங்கும்போது சிஸ்டர் பார்த்தது மூன்றே விஷயம்தான். முன்னறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா, குளியலறைத் தரை வழுக்குமா, வாசலில் எத்தனை படி. பழைய வீட்டுக்காரர் ஊரில் யார் யாரிடம் கடன் வாங்கியிருந்தார் என்று விசாரிக்க அவருக்குத் தோன்றவில்லை. பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்று வக்கீல் சொன்னார். அது உண்மைதான். வில்லங்கம் பத்திரத்தில் இல்லை, வாசலுக்கு வந்து நின்றது.

தெருவே சிஸ்டர் என்று கூப்பிட்டாலும் அவர் நர்ஸ் படிப்பு படித்தவர் அல்ல. நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி முடித்து, இருபத்தாறு வருடம் அடுத்தவர் வீடுகளில் வேலை பார்த்தவர். அறுபது வயது ஆனதும், இனிமேல் நோயாளி நம்மைத் தேடி வரட்டும் என்று முன்னறையில் ஒரு கட்டில் போட்டார். ஆபரேஷன் ஆனவர்கள் ஆறு வாரமோ எட்டு வாரமோ தங்குவார்கள். நடக்க ஆரம்பித்ததும் போய்விடுவார்கள். ஒரு கட்டில், ஒரு நோயாளி. குடும்பம் ஓடியது அதில்தான். கணவருக்கு வந்த பென்ஷன் அவருடைய மூக்குக் கண்ணாடிக்கும் செய்தித்தாளுக்கும் சரியாக இருந்தது.

கணவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் எல்லோருக்கும் அவர் போஸ்ட்மேன்தான்.

கட்டிலுக்கு வந்த மூன்றாவது நோயாளி இடுப்பெலும்பு முறிந்த டீச்சரம்மா. அவர் வந்த இரண்டாம் வாரம், மதியம் கண்ணயரும் நேரத்தில், கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். நிதி நிறுவனத்து வசூல்காரர்கள் இருவர். பழைய வீட்டுக்காரரின் பெயரைத் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்கள். சிஸ்டர் சொன்ன பதில் ஒன்றே ஒன்று: “அவர் வித்துட்டுப் போயிட்டார். எங்க இருக்கார்னு தெரியாது.” குழம்பிப் போன நோயாளி ஒரே கேள்வியை இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் அதே பதிலை அதே குரலில் சொல்ல வேண்டும் என்பது அவர் படித்த பாடம். நோயாளிகளிடம் அது பலித்தது. இவர்கள் மறுவாரமும் வந்தார்கள், அதற்கு மறுவாரமும் வந்தார்கள்.

அந்த மூன்றாம் தடவை டீச்சரம்மாவின் மகளும் வீட்டில் இருந்தாள்.

“இன்னொரு தடவை இப்படி நடந்துச்சுன்னா அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன் சிஸ்டர். தப்பா எடுத்துக்காதீங்க. சனிக்கிழமை வரேன், அன்னிக்கு முடிவு பண்ணிக்கலாம்.”

சிஸ்டர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளின் இடத்தில் இருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால், கத்துகிற வீடு என்று பெயர் வாங்கிவிட்டால் அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் வரப் போவதில்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை வசூல்காரர் ஒருவர் மட்டும் வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார். சிஸ்டர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றார்.

“தம்பி, மெதுவாப் பேசுங்க. உள்ள ஆபரேஷன் ஆனவங்க படுத்திருக்காங்க. வீட்டுப் பத்திரம் காட்டட்டுமா?”

“பத்திரமெல்லாம் யார் வேணும்னாலும் காட்டுவாங்கம்மா. ஆள் இங்க இல்லன்னு சொல்றீங்க. அப்போ நாங்க அனுப்பின ரிஜிஸ்டர் தபாலுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்குறது யாரு? பேயா?”

அவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். குண்டு குண்டான எழுத்து, கீழே இரண்டு கோடு. முப்பத்தெட்டு வருடமாக வீட்டுக் காகிதங்களில் பார்த்துப் பழகிய கையெழுத்து அது. சிஸ்டருக்குக் காது சூடேறியது.

“வெள்ளிக்கிழமை உங்க ஆபீசுக்கு வரேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க,” என்றார். ஹெல்மெட்காரர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மறு பேச்சுப் பேசாமல் வண்டியைக் கிளப்பினார்.

போஸ்ட்மேன் பின்கட்டில் உட்கார்ந்து செய்தித்தாளை நாலாய் மடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, அந்த ஆளுக்கு வந்த தபாலை எல்லாம் வாங்கி எங்க வெச்சிருக்கீங்க?”

அவர் பொய் சொல்லவில்லை. அலமாரியின் மேல்தட்டைத் திறந்து காட்டினார். பதினொரு உறைகள், தேதி வரிசையில் அடுக்கி, இரண்டு ரப்பர் பேண்டுக்குள் இருந்தன. ஒன்றைக்கூடப் பிரித்திருக்கவில்லை.

“என்னிக்காவது வந்து கேட்டார்னா கொடுக்கணும்ல?”

“கடன் நோட்டீஸைக் கேட்டு எவனாவது திரும்பி வருவானா?”

“தபால் திரும்பிப் போனா போஸ்ட்மேனுக்கு அசிங்கம்மா. அதுவும் நம்ம வாசல்ல இருந்தே திரும்பிப் போறதா?”

“நீங்க இப்ப போஸ்ட்மேன் இல்ல. வீட்டுக்காரர். உங்க மானத்தைக் காப்பாத்தறேன்னு என் கட்டிலைக் காலி பண்ணிடுவீங்க போல இருக்கே!”

அவர் தலையைச் சொறிந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினால் ஆள் அங்கே இருப்பதாகத்தான் அர்த்தம். அது இந்த வீட்டில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? முப்பத்துநாலு வருடம் ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்ன விதி.

சிஸ்டர் மேசையில் பேனாவை வைத்தார். மருந்து விழுங்காத நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இடுப்பில் கை வைத்து நின்றார். ‘பெயருள்ளவர் இந்த முகவரியில் இல்லை, அனுப்பியவருக்கே திருப்பவும்.’ போஸ்ட்மேன் பதினொரு உறையிலும் எழுதினார். ஏழாவதில் நிறுத்தி, “டீ கிடைக்குமா?” என்று கேட்டார். “இன்னும் நாலு இருக்கு,” என்றார் சிஸ்டர்.

வெள்ளிக்கிழமை டீச்சரம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் நிறுவனத்து ஆபீசுக்குப் போனார்கள். போஸ்ட்மேன் சலவைச் சட்டை போட்டிருந்தார். பேச வேண்டியது நீங்கள்தான் என்று சிஸ்டர் வழியிலேயே அவரிடம் சொல்லியிருந்தார். மேனேஜர் பத்திர நகலைப் புரட்டினார், உறைகளை எண்ணினார், கையெழுத்தைக் காட்டி, “இது?” என்றார்.

“என்னோடதுதான் சார். வேலையில இருந்த வரைக்கும் ஒரு தபாலைக்கூடத் தப்பான வீட்டுல கொடுத்ததில்ல. ரிட்டயர் ஆன பிறகு என் வீட்டுக்கே பதினொண்ணு தப்பா வாங்கிட்டேன்.”

மூலையில் உட்கார்ந்திருந்த ஹெல்மெட்காரர் சிரித்துவிட்டார். ஹெல்மெட் இல்லாத தலையை அன்றுதான் பார்த்தார்கள்; முடி அவ்வளவாக இல்லை. மேனேஜரும் சிரித்தார். ஆனால் சிஸ்டர் சிரிப்போடு எழுந்து வந்துவிடவில்லை. இந்த முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம் என்று எழுதி, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். வாய்ப்பேச்சை நம்பி அவர் ஒரு மாத்திரைகூட யாருக்கும் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு மகள் வந்தாள். பத்தே காலுக்கு மறுபடியும் கேட் உலுக்கப்பட்டது. இது வேறொரு நிறுவனம், வேறொரு ஆள். பழைய வீட்டுக்காரர் ஒரே இடத்தில் கடன் வாங்குகிறவர் இல்லை போலும். மகள் சட்டென்று எழுந்து அம்மாவின் பையைத் தேடினாள்.

“ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க,” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் வெளியே போனார். கையில் பத்திர நகலும், முத்திரை குத்திய கடிதத்தின் நகலும். கேட்டை ஒட்டி நின்று தணிந்த குரலில் பேசினார். வந்தவரும் குரலைத் தணிக்க வேண்டியதாயிற்று. ஒருவர் மெதுவாகப் பேசும்போது எதிரே நிற்பவர் எவ்வளவு நேரம்தான் கத்த முடியும்? அவர் நகல்களைப் படம் எடுத்தார், ஆபீசுக்குப் போன் செய்தார், எதையோ கேட்டுத் தலையாட்டினார், போய்விட்டார். போஸ்ட்மேன் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தபாலுக்கும் அவர் கை நீளவில்லை.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் பையை அவள் கீழே வைக்கவில்லை.

“அம்மா, நீயே சொல்லு. போலாமா?”

டீச்சரம்மா வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ஏமாற்றம்.

“அதுக்குள்ள போயிட்டானா? இந்த அறையிலயே படுத்துக் கிடக்கறேன், வாரத்துக்கு ஒருத்தன் வந்து கத்தினாத்தான் பொழுது போவுது. கட்டில்ல இருந்து கதவு வரைக்கும் நடந்துட்டேன். இனிமே வாசல் வரைக்கும் நடந்து போய் அடுத்து வர்றவனை நானே நாலு வார்த்தை கேட்டுட்டு, அப்புறம் வரேன் உன் வீட்டுக்கு.”

“இனிமே யாரும் வரமாட்டாங்க டீச்சர்,” என்றார் சிஸ்டர்.

“வருவாங்க. அந்த ஆள் ரெண்டு எடத்தோடயா கடன் வாங்கறதை நிறுத்தியிருப்பான்?”

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பையைத் திறந்து, அடுத்த நாலு வாரத்துக்கான மாத்திரை அட்டைகளை எடுத்துச் சிஸ்டரிடம் கொடுத்தாள். சிஸ்டர் ஒவ்வொன்றிலும் தேதி சரிபார்த்து, அலமாரியில் அடுக்கினார்.