சொந்த நிழலின் விறகு

சின்னக்கானலுக்குக் கீழே ஏசுரத்தினத்துக்கு ஓர் ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். தேயிலை எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்தபின் அவரும் மனைவி ராசம்மாளும் வாங்கியது. ஏலக்காயைப் பறித்தால் மட்டும் போதாது. பச்சை நிறம் கெடுமுன் உலர்த்த வேண்டும். அதற்கென்று தகரக் கூரை போட்ட அறை ஒன்று இருந்தது. ஸ்டோர் என்பார்கள். அதன் அடுப்பில் நாள் முழுக்க ஒரே சூடு நிற்க வேண்டும். விறகு காட்டிலிருந்து வந்தது. அங்கே எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒரு செப்டம்பரில் விறகுக்குப் போன ராசம்மாள் யானைக்கு நேர் எதிரே போய் நின்றாள். சுமையைப் போட்டுவிட்டு ஓடியவள் சரிவில் உருண்டாள், கால் முறிந்தது. யானை சுமையை மட்டும் மிதித்துவிட்டுப் போய்விட்டது. அவள் கட்டிலருகே முழங்காலில் நின்று ஏசுரத்தினம் வேண்டிக்கொண்டார்: "ஆண்டவரே, இனி காட்டுல ஒரு குச்சிகூட எடுக்க மாட்டேன்."

"அப்ப காயை எதுல காய வப்பீங்க? உங்க மூச்சுக் காத்துலயா?" என்றாள் ராசம்மாள், கண்ணைத் திறக்காமல்.

ஏலக்காய்ச் செடிக்கு நிழல் வேண்டும். ஆனால் அந்த நிலத்தை முன்பு வைத்திருந்தவர் வெட்டி விற்றது போக நின்றவை சில முருக்க மரங்களே. ஏசுரத்தினம் இடைவெளியெல்லாம் பலா, நாவல், சில்வர் ஓக் கன்றுகளை நட்டார். மழைக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பது வழக்கம். கழித்த கிளைகளை அடுக்கி உலரவைத்தால் அதுவே வருஷத்து விறகு என்பது அவர் எண்ணம்.

பக்கத்துத் தோட்டத்துச் சுருளிவேல் வேலியோரம் நின்று சிரித்தார். "அண்ணே, இது தோட்டமா காடா? யானை குழம்பிப்போயி உங்க வீட்டுக்கே வந்துரப் போகுது."

முதல் பருவத்திலேயே எண்ணம் பொய்த்தது. கன்றுகள் இடுப்பளவுகூட வரவில்லை. கழிக்கக் கிளை இருந்தது முருக்கில் மட்டும். முருக்க விறகு பற்றிய வேகத்தில் சாம்பலாகிவிடும். அதை யாரும் ஸ்டோரில் எரித்து அவர் பார்த்ததில்லை. ஏன் எரிப்பதில்லை என்று கேட்டதுமில்லை.

அடைமழை நாளொன்றின் நண்பகலில் விறகு தீர்ந்தது. காய் பாதி உலர்ந்து தட்டுகளில் கிடந்தது. தீ அணைந்தால் அந்தப் பறிப்பு முழுவதும் கறுத்துவிடும். ராசம்மாளின் கால் வைத்தியம் அதை நம்பித்தான் இருந்தது. ஏசுரத்தினம் அரிவாளை எடுத்தார்.

ராசம்மாள் ஊன்றுகோலோடு வாசலில் நின்றாள். "போங்கன்னும் சொல்ல மாட்டேன், போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். யானையப் பாத்தா எம் பேரச் சொல்லிராதீங்க. அதுக்கு என்னைத் தெரியும்."

அரிவாளோடு அவர் நின்றுகொண்டே இருந்தார். அப்போது தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சுருளிவேல் வந்தார்.

"என்னண்ணே, புகையக் காணோம்?" எட்டிப் பார்த்தார், புரிந்துவிட்டது. "தட்டத் தூக்குங்க. என் ஸ்டோர்ல எடம் இருக்கு."

"ஒன் வெறகு காட்டு வெறகு, சுருளி."

"ஆமா. பாவம் எனக்கு, காய் ஒங்களுக்கு. மூடித் தூக்குங்க, நனையுது."

ஏசுரத்தினம் தூக்கினார். தம் வாக்கை அன்று காத்தது தம் உறுதி அல்ல, அதைக் கேலி செய்த மனிதர். அதுவும் காட்டு விறகைக் கொண்டு. இது அவரை நெடுநாள் உறுத்தியது. எப்போது அந்த உறுத்தல் நன்றியாக மாறியது என்று அவருக்கே தெரியாது.

மரங்கள் வளர்ந்தன. சில்வர் ஓக்கில் மிளகு ஏறியது. கோடையில் மற்ற தோட்டங்கள் சுருண்டபோது அவருடையது வாடியதோடு தப்பியது. வேளாண் அலுவலகமான கிருஷிபவனின் கூட்டத்தில் அலுவலர் ஜிஷா சொன்னார்: காட்டு மரத்தை வெட்டி எரித்தால் புகை வானத்திலேயே தங்கும், கிளை மட்டும் கழித்த மரம் மீண்டும் துளிர்க்கும்போது விட்ட புகையைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மரம் தன் புகையை அடையாளம் கண்டு வாங்குமா என்று ஏசுரத்தினம் யோசித்தார். முழுதாக நம்பவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

பலாக் கிளையும் நாவல் கிளையும் முதன்முதலாக ஒரு பருவம் முழுவதற்கும் போதுமானதாகி, கொஞ்சம் மிஞ்சவும் செய்த வருஷம், அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் விளைச்சலில் முதற்பங்கை ஆலயத்தில் படைப்பார்கள். பிறகு வெளியே ஏலம் விடுவார்கள். பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் வந்தன. ஏசுரத்தினம் ஒரு விறகுக் கட்டைக் கொண்டுபோய் வைத்தார்.

சிரிப்பு எழுந்தது. "விறகும் விளைச்சல்தான்" என்றார் போதகர், சற்றுத் தயங்கி. ஏலம் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து சுருளிவேல் அதற்கு விலை கேட்டார். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

ஆலய வாசலில் ஏசுரத்தினம் கேட்டார்: "இதுக்காகவா வந்தே?"

"காடு வருசத்துக்கு வருசம் தூரமாப் போகுதுண்ணே. கிட்ட இருந்ததெல்லாம் நாமளே எரிச்சாச்சு." சுருளிவேல் கட்டைத் தோளில் ஏற்றினார். "இது எந்த மரம்? கன்னு வேணும்."

"முருக்கு இல்ல" என்றாள் ராசம்மாள். "அது மட்டும் எங்களுக்கு நல்லாத் தெரியும்."

அவள் காலுக்கு ஏற்றபடி ஆண்கள் இருவரும் மெதுவாக நடந்தார்கள்.