வெறும் பீங்கான் திரும்பாத ஒழுங்கை

சூரை மீன் ஆணம் கொதிக்கிற வாசம்... அதோடு லேசாக ரப்பர் தீய்கிற வாசமும். மசூதாவின் போன் மா டின்னில் சாய்ந்தபடி அடுப்புக்கு அவ்வளவு கிட்ட நின்றது. அதன் உறை உருகத் தொடங்கியிருந்தது. அவளோ அதைக் கவனிக்காமல், தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டே வீடியோவுக்குக் கதைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாது. கையும் சட்டியும் மட்டும்தான்.

மூன்று நோன்புக்கு, அதாவது மூன்று வருஷத்துக்கு முந்திய கதை இது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இதில் பிழை குறைவாக இருந்தால் அது என் பேத்தி றிஸ்னா திருத்தியது.

மசூதா எங்கள் அடுத்த வீடு. புருஷனுக்கு முதுகு அடிபட்டுக் கடலுக்குப் போக முடியாமல் போனது. அவளுடைய தையல் வேலை வீட்டுக்குக் காணாது. அதனால் சமையல் சேனல் தொடங்கினாள். இத்தனை ஆட்கள் சேர்ந்தால்தான் வருமானத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு அளவு இருந்தது. அந்த அளவுக்கு அவள் கிட்டவும் இல்லை.

எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், ஒரு பழக்கம்... அடுத்த வீட்டிலிருந்து பீங்கானில் ஆணமோ வட்டிலப்பமோ வந்தால், அந்தப் பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லையென்றால் நாலு பச்சை மிளகாயாவது வைப்போம்.

அந்தப் பழக்கத்திலேயே நான் ஒரு வேலை பார்த்தேன்.

மசூதாவுக்குச் சொல்லாமல் போனில் பெண்கள் குரூப் ஒன்று தொடங்கினேன். "நீங்க மசூதாட சேனல்ல சேருங்க, நாங்க எல்லாரும் உங்கடதுல சேருவம்" என்று வீடு வீடாகச் சொன்னேன். மருதமுனையில் என் தங்கச்சி, அவள் சம்பந்தி வீடு, நிந்தவூர் மாமி வீடு... எல்லோரும் சேர்ந்தார்கள். சேனல் இல்லாதவர்கள் இதற்கென்றே சேனல் திறந்தார்கள். ஒருத்தி தன் ஆட்டை ஒரே ஒரு தரம் வீடியோ பிடித்துப் போட்டாள். அந்த ஆட்டுக்கும் இருநூறு பேர் சேர்ந்தார்கள்.

அதோடு விட்டேனா... வீட்டில் கிடந்த மூன்று போனிலும் மசூதாவின் வீடியோவை ஓடவிட்டுவிட்டு உடுப்புக் கழுவப் போவேன். பார்க்க ஆள் இல்லாமல் அவள் ஆணம் பகல் முழுக்கக் கொதிக்கும்.

பிறகு ஒரு காலையில் மசூதா போனும் கையுமாக ஓடி வந்தாள். சேர்ந்த ஆட்களில் முக்கால்வாசிப் பேரைக் காணவில்லை. இங்கிலீஷில் ஒரு கடிதம் மட்டும் வந்திருந்தது.

றிஸ்னா அப்போது கல்முனையில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் வேலை செய்தாள். வாசித்துவிட்டுச் சொன்னாள். "இனி ஒருதரம் நடந்தா சேனலையே எடுத்துருவாங்களாம் சாச்சி."

"நான் என்னகா செஞ்ச? மீன்தானே ஆக்கின."

றிஸ்னா மூன்று நாள் குந்தியிருந்து அந்த வீடியோ கம்பெனியின் சட்டங்களை ஒவ்வொரு பக்கமாக வாசித்தாள். அவ்வளவு சட்டம் இருக்குமென்று நான் நினைக்கவே இல்லை. பிறகு மசூதாவைக் கூப்பிட்டு எங்கள் பாஷையில் விளங்கப்படுத்தினாள்.

"பாக்க விருப்பப்பட்டுத்தான் ஆள் சேரணும் சாச்சி. நீ எனக்கு, நான் உனக்கு எண்டு மாத்திக்கிறது பொய்க் கணக்காம். ஆள் இல்லாம ஓட விடுறதும் அப்பிடித்தான். ஆரோ செஞ்சிருக்காங்க."

மசூதா கண்ணைத் துடைத்தாள். "அந்த மூலை வீட்டுக்காரிதான். நான் முன்னுக்கு வாறது அவளுக்குப் பொறுக்காது. இண்டைக்கே போய்க் கேக்கிறேன்."

எழும்பியும் விட்டாள். என் கை இன்னும் ஈரம். உடுப்புக் கழுவிவிட்டு வந்த கை.

"இரி மகள். அது நான்தான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். மசூதா திரும்பவும் குந்தினாள். பிறகு கேட்டாள்.

"அந்த ஆட்டுக்காரியையும் நீங்கதான் சேத்த?"

"ஓம்."

அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். றிஸ்னா மட்டும் சிரிக்கவில்லை. "பீங்கானுக்கு அது சரி உம்மம்மா. இதுக்குச் சரிவராது. நீங்களே எல்லாருக்கும் போன்ல கோல் எடுத்து, இனி வேணாம் எண்டு சொல்லுங்க."

எடுத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும். குரூப்பையும் கலைத்தேன்.

சேனல் தப்பியது. மிஞ்சியவர்கள் நூறு பேருக்குக் கொஞ்சம் மேலே. மசூதாவுக்கு முகம் வாடிப்போனது. றிஸ்னா சொன்னாள்: "இவங்கெல்லாம் உங்கட ஆணத்தத் தேடி வந்த ஆக்கள் சாச்சி. இனி இவங்களுக்கு ஆக்குங்க." கீழே வருகிற கேள்விகளை வாசித்துப் பதில் எழுதப் பழக்கினாள். கட்டாரில் இருக்கிற ஒரு பிள்ளை, தேங்காய்ப்பால் எப்போது விடுவதென்று தெரியாமல் ஆறு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்ததாம். அதை வாசித்த அன்றைக்குத்தான் மசூதாவின் முகம் தெளிந்தது. ஆட்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். அடுத்த வருஷ நோன்புக்குள் அவளுக்கு வருமானத்துக்கான அனுமதியும் கிடைத்தது.

இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. எங்கேயோ கடலுக்கு அங்கால இருக்கிற ஒரு மெஷின்... எங்கள் ஒழுங்கையில் யார் பார்த்துவிட்டுப் பட்டனை அமத்தினார்கள், யார் பார்க்காமல் அமத்தினார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அதன் சட்டத்தை என் கையால் சோறு தின்ற பிள்ளை வாசித்து, நாலு ஊருக்குச் சொல்லிக் கொடுக்கிறது. றிஸ்னா இப்போது கல்முனையில் சொந்தமாக ஒரு அறை எடுத்து சேனல் வைத்திருக்கிறவர்களுக்கு இதே வேலைதான் செய்கிறாள். அக்கரைப்பற்றிலிருந்து கணக்குப் பாடம் வீடியோவாகப் போடுகிற வாத்தியார்கூட வருகிறார். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் என் கதையைத்தான் சொல்வாளாம், பெயர் சொல்லாமல்.

ஒன்றை மட்டும் இதை எழுதுகிற வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை.

கோல் எடுத்து முடித்த அன்று, மசூதாவின் அந்தச் சூரை மீன் வீடியோவை முதல் முதலாகக் குந்தியிருந்து பார்த்தேன். சட்டியை இறக்கிய பிறகு அவள் அரைத் தேசிக்காய் பிழிகிறாள். பத்து வருஷமாக அவள் ஆணம் என் வீட்டுக்கு வருகிறது. அந்தப் புளிப்பு எங்கேயிருந்து வருகிறதென்று அன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று போனில் எத்தனை நாள் ஓடவிட்டிருப்பேன்...

இப்போதும் அவள் பீங்கான் வந்தால் வெறுமையாகத் திருப்புவதில்லை. வீடியோ வந்தால் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குந்துகிறேன். கடைசி மட்டும் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகுதான் விருப்பப் பட்டனை அமத்துகிறேன்.