சுட்டி டீச்சரின் ஒரு வரிப் பாடம்

மேசைமேல் கிடந்த கணினிச் சுட்டியைக் குப்புறப் புரட்டி, அதன் அடிவயிற்றில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கை நகத்தால் கிள்ளி எடுக்கிறார் ஆசிரியை. அங்குள்ள சிவப்பு விளக்கை மறைத்துவிட்டால் திரையில் அம்புக்குறி நகராது. அடுத்து வந்து உட்காருகிறவன் திணறுவதை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கலாம். முன்பெல்லாம் அடியிலிருந்த உருண்டையைக் கழற்றிக்கொண்டு போவார்கள். உருண்டை ஒழிந்து விளக்கு வந்தபின் இந்த வழி. ஒவ்வொரு வகுப்பும் தானே கண்டுபிடித்ததாகத்தான் எண்ணிக்கொள்கிறது. அடுத்த சுட்டிக்கும் அதே வைத்தியம் செய்து, பழைய பருத்தித் துணியால் துடைத்து, வாலை நேராக இழுத்து வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார்.

தொடக்கப் பள்ளியின் மாடியில், கணினி அறையே அவருடைய ராஜ்ஜியம். எந்நேரமும் கையில் சுட்டியோடு திரிவதால் பிள்ளைகள் வைத்த பெயர் 'சுட்டி டீச்சர்'. ஏறி வருவதற்குள் படியிலேயே நின்று மூச்சு வாங்குகிறவருக்கு இப்படியொரு பெயரா என்று சக ஆசிரியர்களுக்குச் சிரிப்பு.

"நீங்க சுட்டின்னா நாங்கல்லாம் என்ன டீச்சர்?" என்பார் கணக்கு ஆசிரியர்.

"பேருலயாவது சுறுசுறுப்பு இருந்துட்டுப் போகட்டும் சார், விடுங்க."

கணினிகளைக் கடைசி வரிசையிலிருந்துதான் உயிர்ப்பிப்பார். கிழடுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. திரை இன்னும் கறுப்பாகவே இருக்கிறதே என்று பிள்ளைகள் துடிப்பார்கள். "எழுப்பின உடனே ஓடச் சொன்னா எப்படிடா? மூஞ்சி கழுவிட்டு வரட்டும்" என்பார். அவர் சொல்வது கணினியைப் பற்றியா தம்மைப் பற்றியா என்று சில நாள் தெரியாது.

இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதும் அவர் நடத்த வேண்டிய பாடம். அதில் அவர் கண்டிப்பானவர். தம் போனின் பூட்டு எண்ணைக் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை.

"கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, எனக்கு இன்னும் கதவு திறக்கல" என்று கணவர் சாப்பாட்டுத் தட்டின் முன் குறைப்படுவார்.

"பாடம் நடத்துறவளே மீறினா பசங்க கேப்பாங்கல்ல?"

"பசங்ககிட்ட யாரு போய்ச் சொல்லப் போறா?"

"நீங்கதான்."

கரும்பலகையின் மேல்மூலையில், எவரும் அழிக்காத ஒரு வரி உண்டு: 'யாரிடமும் சொல்லக் கூடாது.' தொடக்கத்தில், "பாஸ்வேர்டை?" என்று ஆசிரியை கேட்பார், பிள்ளைகள் இந்த வரியைச் சொல்லி முடிப்பார்கள். நாளாக ஆகத் தொண்டை கட்டியது, கேள்வி தேய்ந்தது. பிறகு பிரம்பால் வரியைத் தொட்டாலே போதும், வகுப்பே கூவிவிடும். இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை. எதைச் சொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அது விடுபட்டுப் போயிற்று.

நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி. மூச்சுக்கு ஒரு முறை "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று எழுந்து நிற்பதால், 'சந்தேகம்' என்றே அவளைக் கூப்பிடுவார் ஆசிரியை. சென்ற மாதம் அவள் முதல் வரிசையை விட்டுக் கடைசி மூலைக்குப் போனாள். சந்தேகங்கள் நின்றன. ஒலிப்பெருக்கியில் 'டிங்' என்று ஏதாவது ஒலித்தால், சுட்டியின் மேலிருந்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும், ஹெட்போன்களை எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லி ஆசிரியை அவளை நிறுத்திக்கொண்டார்.

"என்னம்மா சந்தேகம், கடையை மூடிட்டியா?"

சிறுமி ஒரு ஹெட்போனைக் கையில் எடுத்தாள்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லக் கூடாது டீச்சர்."

"எதை?"

"எதையுமே." அவள் விரல் கரும்பலகையின் மேல்மூலையைக் காட்டியது. "நீங்கதானே எங்களைச் சொல்லச் சொல்றீங்க. அந்த அக்காவும் அதையேதான் சொன்னாங்க."

"எந்த அக்காம்மா?"

"கேம்ல வர்ற அக்கா." ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள். "அக்கான்னுதான் சொன்னாங்க. நேத்துப் பேசினப்போ குரல் மாமா மாதிரி இருந்துச்சு."

ஆசிரியை அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். மீதி துண்டு துண்டாக வந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு படம் கேட்டார்கள், அனுப்பிவிட்டாள். பள்ளி எப்போது விடும் என்று கேட்டார்கள், சொல்லிவிட்டாள். நாளைக்கு வாசலில் வந்து நிற்கப் போகிறார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது.

"இதைச் சொல்லலாமா டீச்சர்? தப்பு இல்லையே?"

"இதைத்தாம்மா சொல்லணும்" என்றார் ஆசிரியை. தாம் காவலுக்கு நிறுத்திய வரி, இத்தனை நாளும் எதிராளிக்கல்லவா காவல் காத்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மேற்கொண்டு செய்ய வேண்டியவற்றை அவர் முறையாகவே செய்தார். தலைமையாசிரியையிடம் சொன்னார், சிறுமியின் தாயை வரவழைத்தார். வந்தவள் விஷயத்தைக் கேட்டதும் மகள்மேல் கையை ஓங்கிவிட்டாள்.

"அடிச்சீங்கன்னா அடுத்த தடவை சொல்ல மாட்டா. திட்ட மாட்டேன்னு அவகிட்டச் சொல்லுங்கம்மா. இங்கேயே, என் முன்னாடியே சொல்லுங்க."

ஓங்கிய கை இறங்கி மகளின் தலைமேல் அமர்ந்தது. "திட்ட மாட்டேன்டி" என்றாள் தாய், அழுதுகொண்டே.

சிறுமி கேம் ஆடிய வீட்டுப் போனை, அதில் இருந்த எதையும் அழிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு ஆசிரியையும் தாயும் மகளுமாகக் காவல் நிலையம் போனார்கள். மறுநாள் பள்ளி விடும் வேளையில் சாதாரண உடையில் இரண்டு காவலர்கள் வாசலில் நின்றார்கள். எவரும் வரவில்லை. 'அக்கா'வை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தாய் வேலையிடத்தில் கேட்டுக்கொண்டு, தினமும் தானே வந்து அழைத்துப் போகிறாள்.

காவலர்கள் வாசலில் நின்றதற்கு அடுத்த நாள் காலை, சுட்டிகளைத் துடைத்து முடித்த ஆசிரியை, அந்தத் துணியை நனைத்துப் பிழிந்தார். நாற்காலியைக் கரும்பலகையருகே இழுத்துப் போட்டு, முழங்காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார். மேல்மூலையில் இருந்த அந்த வரியின் பல ஆண்டுச் சுண்ணாம்பு சுலபத்தில் போகவில்லை. தேய்த்த இடத்தில் வெளிறிய எழுத்துகள் மறுபடி தெரிந்தன. அவர் எட்டித் தேய்க்க, நாற்காலி ஆடிற்று.

வகுப்புக்கு முதலில் வந்த அந்தச் சிறுமி, பையைக்கூட இறக்காமல் நேரே போய், நாற்காலியின் கால்களை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.